வேலை செய்கிற செயலியைத் தூக்கிப் போடாதீர்கள்

போன மாதம் உப்புவெளியில் மூன்று பெடியன்களைச் சந்தித்தேன். நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகளை முன்பதிவு செய்ய ஒரு செயலி செய்திருக்கிறார்கள். நல்ல செயலி. சில படகுக்காரர்கள் ஒரு சீசன் முழுக்கப் பாவித்திருக்கிறார்கள். "அண்ணா, பழைய கோட் சரியில்லை. எல்லாத்தையும் ஃபிளட்டரில புதுசா எழுதுறம். சீசன் தொடங்கேக்க எல்லாருக்கும் ஒரேயடியா விடுவம்" என்றார்கள். (ஃபிளட்டர், செயலி எழுதும் ஒரு கருவி.) ஆறு வருடத்துக்கு முன் இதையே நானும் சொன்னேன், ஏறக்குறைய இதே வார்த்தைகளில்.

பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கக் கூடாது என்பதெல்லாம் எந்த வகுப்பிலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிட்டு, செயலி செய்பவர்கள் விடும் வேறு சில தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

புதிதாக எழுதுவோம் என்று முடிவெடுப்பது

குச்சவெளிப் பக்கம் மீன் வாடிகளுக்கு ஒரு சின்னச் செயலி செய்து கொடுத்திருந்தோம். படகு கரைக்கு வந்ததும் எந்தப் படகு, என்ன மீன், எத்தனை கிலோ, என்ன விலை என்று பதிய வேண்டும், அவ்வளவுதான். நிரல் ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது. ஆனால் சிக்னல் இல்லாத கரையிலும் அது ஓடியது. பதிந்தது போனிலேயே இருந்து, சிக்னல் கிடைத்ததும் சேர்வருக்குப் போகும். நேற்றைய விலையை ஒரு தட்டில் கொண்டுவரும் பொத்தான் இருந்தது. நாள் முடிவில் கணக்கைப் படகுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

ஐந்து மாதம் உட்கார்ந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதினோம். நேற்றைய விலைப் பொத்தானை அடுத்த பதிப்பில் போடலாம் என்று விட்டோம். திறந்தவுடன் லாகின் கேட்டது. லாகினுக்கு சேர்வர் வேண்டும், சேர்வருக்கு சிக்னல் வேண்டும். நகரத்தில் இருந்து சோதித்த எங்களுக்கு அது ஒரு விநாடி வேலை. வாடியில் விடியற்காலை, ஈரக் கையோடு, தராசைச் சுற்றி ஆட்கள் நிற்க, திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏழு மணிக்கு ஒரு அம்மா போன் எடுத்தார். "தம்பி, நான் கொப்பியில எழுதத் தொடங்கிட்டன். பழசைத் திருப்பித் தாங்கோ."

திருப்பித் தர முடியவில்லை. இன்றும் எனக்கு எரிச்சல் தருவது அதுதான். பிளே ஸ்டோரில் ஒரு வெளியீட்டை இடையில் நிறுத்தலாம், ஆனால் அப்டேட் ஆகிவிட்ட போன் பழையதற்குத் திரும்பாது. பழைய நிரலுக்கே இன்னும் பெரிய பதிப்பு எண் போட்டு மறுபடி வெளியிட வேண்டும். அதையும் செய்தோம். ஆனால் புதிய செயலி முதல் தடவை திறந்தபோதே போனில் இருந்த தரவைப் புதிய அட்டவணைகளுக்கு மாற்றிவிட்டு, பழைய அட்டவணைகளை அழித்திருந்தது. பழைய நிரலுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. திறந்ததும் மூடிக்கொண்டது. ஆட்கள் செயலியை அழித்துவிட்டு மீண்டும் இறக்கினார்கள், சேர்வருக்குப் போய்ச் சேராத கணக்கும் அதோடு போய்விட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தவற்றைத் தேடியெடுத்துத் திரும்பவும் பதிந்து கொடுத்தோம். அனுப்பாதவர்களின் கணக்கு போனது போனதுதான். பதினொரு வாடிகளில் நாலு திரும்பி வரவே இல்லை.

காசும் ஆளும் உள்ள நிறுவனங்களும் இதே குழியில் விழுகின்றன. சோனோஸ் என்ற அமெரிக்க ஸ்பீக்கர் நிறுவனம் 2024 மே மாதம் தன் செயலியைப் புதிதாக எழுதி வெளியிட்டது. அலாரம், ஸ்லீப் டைமர் போன்ற பழகிய வசதிகள் அதில் இல்லை. ஜூலையில் தலைமை நிர்வாகி பேட்ரிக் ஸ்பென்ஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பழைய செயலியைத் திரும்பக் கொடுக்கலாமா என்றும் பார்த்தார்கள். ஸ்பீக்கருக்குள் ஓடும் மென்பொருளும் சேர்வர் பக்கமும் அதற்குள் மாறியிருந்ததால், பழையது இன்னும் சிக்கலாகும் என்று கைவிட்டார்கள். சரிசெய்ய 2 முதல் 3 கோடி டொலர் செலவாகும் என்று நிறுவனமே சொன்னது. 2025 ஜனவரியில் ஸ்பென்ஸ் பதவி விலகினார். வாடியில் எங்களுக்கு நடந்ததும் இது மாதிரித்தான்: நிரலைத் திருப்பினோம், தரவு திரும்பவில்லை.

சரி, என்ன செய்யலாம்? திரை திரையாக மாற்றுங்கள். ஒன்றை மாற்றி, ஒரு மாதம் பார்த்து, அப்புறம் அடுத்தது. தரவு அமைப்பை மாற்றினால் பழைய அட்டவணையை இரண்டு மூன்று பதிப்புகளுக்காவது அழிக்காமல் வையுங்கள். புதிதாக எழுதியே தீர வேண்டும் என்றால் வேறு பெயரில் தனியாக வெளியிடுங்கள், விரும்பியவர் வரட்டும். ஒரு பொத்தானை யார், எத்தனை தடவை தட்டுகிறார்கள் என்று எண்ணாமல் அதை எடுக்காதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே நாளில் விடுவது

பிளே ஸ்டோரில் 5 வீதம், 20 வீதம் என்று படிப்படியாக விட வழி இருக்கிறது. உங்களுக்குப் பத்துப் பேர்தான் இருந்தால் வீதத்தில் பயனில்லை. அந்தப் பத்தில் ஒருவருக்கு மட்டும் கொடுத்து, ஒரு காலை முழுக்க அவர் பக்கத்தில் நில்லுங்கள்.

உங்கள் போனில் மட்டும் சோதிப்பது

படகுக்காரரின் போனை வாங்கிச் சோதியுங்கள்.

சராசரியை நம்புவது

ஒரு நாளில் பாவிப்பவர்களில் 1.09 வீதத்துக்கு மேற்பட்டவர்களுக்குச் செயலி கண்முன்னே மூடிக்கொண்டால், அல்லது 0.47 வீதத்துக்கு மேற்பட்டவர்களுக்கு உறைந்து நின்றால், பிளே ஸ்டோரில் அது கண்ணில் படுவது குறையலாம். ஒரு போன் மாதிரிக்கு மட்டும் தனி எல்லை 8 வீதம். இந்தப் போன் மாதிரிக் கணக்கைப் பலர் பார்ப்பதே இல்லை. மொத்தத்தில் நன்றாகத் தெரிந்த எங்கள் செயலி ஒரு மலிவான போனில் மட்டும் தினமும் விழுந்தது. கிண்ணியாவில் எங்கள் ஆட்களில் பாதிப் பேரிடம் இருந்தது அந்தப் போன்தான்.

சாவிக் கோப்பு ஒரே லேப்டொப்பில்

செயலியின் ஒவ்வொரு பதிப்பும் உங்களுடையதுதான் என்று கையொப்பமிடும் கோப்பு இது. இரண்டு இடத்தில் வையுங்கள். இன்றே.

தமிழைக் கடைசியில் சேர்ப்பது

ஆங்கிலத்துக்கு அளந்த பொத்தானில் "சேமிக்கவும்" அடங்காது. வரி உயரம் போதாவிட்டால் "மீ"யின் மேல்வளைவும் "கூ"வின் கீழ்ச்சுழியும் வெட்டுப்படும். பெயருக்கு எழுத்து வரம்பு போடும்போது இன்னும் கவனம் வேண்டும். கோணேஸ்வரி என்பதை நாம் ஐந்து எழுத்தாக எண்ணுவோம், கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையின் கணக்கில் அது ஒன்பது. பழைய பட்டியல்கள் பெரும்பாலும் பாமினி என்ற, யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில்தான் வரும். ஒட்டியவுடன் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால் திகைக்க வேண்டாம், உள்ளே எடுக்கும் இடத்திலேயே யூனிகோட்டுக்கு மாற்றிவிடுங்கள்.