மதியத்துக்குள் தளர்ந்துபோன செயற்கைக் கால்: நான் சரிசெய்த விதம்

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வேலை எனக்கு. முழங்காலுக்குக் கீழே ஜெய்ப்பூர் கால் போட்ட பிறகும் அதே வேலைதான். 1960களின் இறுதியில் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய கால் இது. பாதம் ரப்பர். செருப்பில்லாமல் நடக்கலாம், குந்தி உட்காரலாம். பால் வெட்டுகிறவன் காலிலும் ரப்பர் என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

விடியுமுன் கச்சிதமாக இருக்கும் கால், வெயில் ஏறியதும் சரிவில் ஆடத் தொடங்கும். நுனி எலும்பு இடித்து உயிர் போகும். கால் கெட்டுவிடவில்லை. எடை தாங்கித் தாங்கி, வெட்டியது போக மீந்த என் சொந்தக் காலில் (மீதிக் கால்) உள்ள நீர் அழுந்தி வெளியேறி, அது சற்றுச் சுருங்குகிறது. சாக்கெட்டுக்குள், அதாவது செயற்கைக் காலில் மீதிக் காலை நுழைக்கும் குழிக்குள், கீழே இறங்கியும் விடுகிறது.

இதற்கு வழி மீதிக் காலில் மாட்டும் பருத்தி உறைதான். கால் செய்து கொடுப்பவர்களிடமே பல கனத்தில் கிடைக்கும். ஆடத் தொடங்கியதும் கழற்றி, வியர்வை துடைத்து, மெல்லிய உறை ஒன்றைக் கூடுதலாக மாட்டுகிறேன். சுருக்கம் விழவே கூடாது, ஒரு மடிப்பு போதும் கொப்புளம் வர. நம்ம ஊர்ப் புழுக்கத்துக்கு மாற்று உறை பையில் கட்டாயம் வேண்டும். உறை அதிகமானாலும் மீதிக் கால் முழுதாக உள்ளே இறங்காது, இடுப்பு வலிக்கும்.

அப்புறம், இரவில் கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்க்கிறேன். சிவப்பு சற்று நேரத்தில் மறைந்தால் பயமில்லை. மறையாவிட்டால், தோல் உரிந்திருந்தால், ஆறும்வரை கால் மாட்டாமல் சாக்கெட்டைச் சரிபார்க்கக் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமல் புண் வரலாம், அவர்கள் தினமும் பார்த்தே ஆக வேண்டும்.