ஊசித் தேதியும் சிப் தேதியும்: நாய், பூனையோடு பறக்கிறவர்கள் கோட்டை விடும் இடங்கள்

டிக்கெட் எடுக்கும்போது நாயைப் பற்றிச் சொல்லாமல் விடுவது, கூண்டை மறப்பது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதெல்லாம் கவுன்ட்டரில் ஒருமுறை நிறுத்தினால் தானாகப் புரிந்துவிடும். செல்லப்பிராணியோடு வெளிநாடு பறக்கிறவர்கள் கவனிக்காமல் செய்யும் தவறுகளைத்தான் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஊசி முதலில், சிப் அப்புறம்

"ரேபிஸ் ஊசி போட்டாச்சு, சிப் மெதுவா போட்டுக்கலாம்." இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியமோ பிரிட்டனோ, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாள எண் சில்லு) வைத்த அன்றோ அதற்குப் பிறகோ போட்ட ஊசிதான் செல்லும். அதற்கு முன்னால் போட்ட ஊசி இதே விலங்குக்குத்தான் போடப்பட்டது என்று காட்ட வழியில்லை.

ஐரோப்பா போகவிருந்த ஒரு பெண்மணி தன் பூனையின் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவந்தார். மருந்து பாட்டிலின் ஸ்டிக்கர், டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் கச்சிதம். சிப் தேதி மட்டும் ஊசித் தேதிக்கு நான்கு நாள் பின்னால். "ஊசி வேலை செய்யும்தானே?" என்றார். உடம்பில் வேலை செய்யும், காகிதத்தில் செய்யாதே!

மறுபடி ஊசி. ரத்தப் பரிசோதனை கேட்காமல் விடும் நாடுகளின் ஐரோப்பிய ஒன்றியப் பட்டியலில் அவர் இருந்த நாடு இல்லாததால் 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை. அதில் எதிர்ப்புப் பொருள் மில்லிலிட்டருக்கு 0.5 ஐ.யு.வாவது (சர்வதேச அலகு) இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து இன்னும் 3 மாதம் காத்திருப்பு. அவரோ அடுத்த மாதம் வேலையில் சேர வேண்டும். உரிமையாளர் பயணமும் பூனையின் பயணமும் 5 நாளுக்குள் அமையாவிட்டால் வணிகச் சரக்கு விதிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் பூனையை அக்காவிடம் விட்டுப் போனவர், அதற்காகவே திரும்பி வந்து கூட்டிப்போனார். ஜப்பானாக இருந்தால் ரத்தம் எடுத்த பிறகு 180 நாள்!

ஊசி போடுவதற்கு முன் டாக்டரை ரீடர் வைத்து சிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். கழுத்துக்குப் பின்னால் வைத்த சிப் சில சமயம் தோள்பட்டைப் பக்கம் இறங்கியிருக்கும், அங்கேயும் தடவிப் பார்க்க வேண்டும். 15 இலக்கங்களையும் அட்டையோடு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பூஸ்டர் ஒரு நாள் தள்ளிப்போனாலும் அதை முதல் ஊசியாகத்தான் கணக்கில் எடுப்பார்கள்.

தூக்க மருந்து

வேண்டாம். ரத்த அழுத்தம் இறங்கும், சூட்டையும் குளிரையும் உடம்பு சமாளிக்காது. சரக்கு அறையில் ஏதாவது ஆனால் எட்டிப்பார்க்கக்கூட ஆள் கிடையாது.

தட்டை மூக்கு

பக், புல்டாக், பாரசீகப் பூனை என்றால் முதலில் விமான நிறுவனத்திடம் கேளுங்கள். பலர் ஏற்றவே மாட்டார்கள்.

புதுக் கூண்டு

பயணத்தன்று பிரிக்காதீர்கள். சில வாரங்கள் கதவைத் திறந்து வீட்டிலேயே போட்டுவைத்தால், அதுவாக உள்ளே போய்த் தூங்கப் பழகும். உள்ளே தலை இடிக்காமல் நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும்.

ஹார்னஸ் இல்லாத பூனை

கேபினில் கொண்டுபோனால் பாதுகாப்புச் சோதனையில் பை மட்டும் எக்ஸ்ரேக்குள் போகும், பூனை உங்கள் கையில் இருக்கும். டிரேக்கள் மோதும் சத்தத்தில் மிரண்டு தாவினால் பிடிப்பது லேசல்ல. வீட்டிலேயே ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் வார்) மாட்டிவிடுங்கள். தனி அறையில் சோதிக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், பல விமான நிலையங்களில் சம்மதிப்பார்கள்.