அகலக்கோண லென்ஸ் வாங்குமுன் பார்க்க வேண்டிய அளவு

தேரை, கும்பிடுபூச்சி, ஓணான் போன்றவற்றை, பின்னால் செம்பனை வரிசையும் தெரியும்படி மிக அருகிலிருந்து படமெடுக்க அகலக்கோண லென்ஸ் வாங்குவோர், அதன் துளை (ஒளி நுழையும் திறப்பு) எவ்வளவு பெரியது என்பதைவிட, எவ்வளவு அருகில் குவியம் கொள்ளும், அதாவது தெளிவாகக் காட்டும் என்பதையும், உருப்பெருக்க அளவையும் (பொருள் எவ்வளவு பெரிதாகப் பதியும் என்பது) முதலில் பார்க்க வேண்டும்.

அகலக்கோணம் எதையும் சிறிதாக்கிக் காட்டுவதால், விரல் நீள உயிரி படத்தில் பெரிதாகத் தெரிய லென்ஸை அதன் அருகே கொண்டு செல்வதைத் தவிர வேறு வழியில்லை. பின்னணியும் புரியும்படி இருக்க எஃப் 8, எஃப் 11 என்று துளையைச் சுருக்கியே எடுப்போம் (எஃப் எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்) என்பதால், எஃப் 1.4 என்ற பெரிய துளைக்குக் கொடுக்கும் கூடுதல் ரிங்கிட் இந்த வேலைக்குப் பயன்படாது. எடுத்துக்காட்டாக, கேனன் ஆர்எஃப் 24 மி.மீ. எஃப் 1.8 மேக்ரோ 14 செ.மீ. வரை நெருங்கி, உண்மை அளவில் பாதியாகப் பதிவு செய்யும். இத்தூரம் கேமராவின் உள்ளே படம் பதியும் சென்சாரிலிருந்து அளக்கப்படுவது. லென்ஸின் நீளமும் அதில் அடங்கும் என்பதால், கண்ணாடிக்கு முன் மிஞ்சும் இடைவெளி மிகக் குறைவு. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் பழைய லென்ஸ் பார்க்கச் செல்வோர், எவ்வளவு அருகில் குவியம் கொள்கிறது என்று கடையிலேயே ஒரு நாணயத்தை வைத்துச் சோதித்துவிடுவது நல்லது. இன்னும் நெருங்குவதற்காகக் கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையே பொருத்தும் நீட்டிப்புக் குழாய் வாங்கிச் சமாளிக்கலாம் என்று எண்ண வேண்டாம். அகலக்கோணத்தில் குவியம் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே விழுந்துவிடும்.

இருவாச்சி, குரங்கு போன்று நெருங்கவிடாதவற்றுக்கு இக்குறிப்பு பொருந்தாது. நாகம், குழிவிரியன் ஆகியவற்றுக்குத் தொலைநோக்கு லென்ஸைத் தவிர வேறெதையும் கையில் எடுக்கவே கூடாது.