மெடிசின் கிடைத்தும் விடலாமா?

கொழும்பு மருத்துவ பீடம் கிடைக்காமல் ரஜரட்டவோ மட்டக்களப்போ வந்ததற்காக, மறுபடி உயர்தரப் பரீட்சை (ஏ/எல்) எழுத யோசிக்கிறீர்களா? முதலில் எத்தனையாவது தடவை என்று பாருங்கள். மூன்றுக்கு மேல் எழுதினால் பல்கலைக்கழகத் தெரிவு இல்லை. தெரிவுக்கு எடுக்கும் இசட் புள்ளி, அதாவது மற்றவர்களோடு ஒப்பிட்டுப் போடும் புள்ளி, அந்தந்த வருஷப் பரீட்சையை வைத்தே கணிக்கப்படுகிறது. அதே மார்க்ஸ் எடுத்தாலும் இசட் புள்ளி இறங்கலாம். மாவட்ட வெட்டுப்புள்ளியை (உங்கள் மாவட்டத்தில் தெரிவாகத் தேவையான குறைந்தபட்ச இசட் புள்ளி) மயிரிழையில் தாண்டியவர் இந்தச் சூதாட்டத்துக்குப் போகவே வேண்டாம் என்பேன். எங்கே படித்தாலும் ஐந்து வருஷம், அப்புறம் இன்டர்ன்ஷிப், அதே மருத்துவ சபைப் பதிவு. சொந்தக்காரர் "கெம்பஸ் எது?" என்று கேட்பார்கள்தான், கேட்கட்டும். வேறு காரணம் இருந்தால், பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யுமுன், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கையேட்டில் மீள விண்ணப்பிக்கும் விதியைப் படியுங்கள். புரியாவிட்டால் கொழும்பு வார்ட் பிளேஸில் உள்ள ஆணைக்குழு அலுவலகத்தில் நேரிலேயே கேளுங்கள்.