திட்டும் முன் மூன்று கேள்வி

நாம் தாமதமாக வந்தால் டர்பனின் ஹிகின்சன் நெடுஞ்சாலையில் நெரிசல். அடுத்தவர் தாமதமாக வந்தால் அவருக்குப் பொறுப்பே கிடையாது! சூழலை மறந்துவிட்டு மற்றவர் குணத்தின் மேல் பழி போடும் இந்தப் பழக்கத்தை உளவியலாளர் லீ ராஸ் 1977இல் விரிவாக எழுதினார். அதற்குப் பத்து வருடம் முன்பே இன்னொரு உளவியலாளர் ஹரால்டு கெல்லி சொன்ன மூன்று கேள்வி வழி டர்பன் கோயில் கமிட்டிகளுக்கும் உதவும்.

காவடி அன்னதானத்துக்குச் சாம்பார் நேரத்துக்கு வரவில்லை என்று வையுங்கள். முதலில், மற்றவர்களும் பிந்தினார்களா? சாட்ஸ்வொர்த் பகுதி முழுக்க மின்வெட்டு, யார் வீட்டுச் சமையலும் முடியவில்லை என்றால் சாம்பார்க்காரரைத் திட்டி என்ன பயன்? அடுத்து, போன வருடமும் இவர் பிந்தினாரா? மூன்றாவது, வேறு வேலைகளிலும் இப்படித்தானா? எல்லாரும் வந்துவிட்டார்கள், இவர் மட்டும் வருடா வருடம் பிந்துகிறார், பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதிலும் இதே கதை என்றால், சரி, திட்டலாம். மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரர், சாம்பாரில் மட்டும் சறுக்குகிறார் என்றால் அந்த வேலையை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பாதிச் சண்டை முதல் கேள்வியிலேயே அடங்கிவிடும்.

நம் தவறுக்கும் இதே மூன்றுதான். ஆனால் அதை ஒரு தாளில் எழுதுங்கள். மனசுக்குள் கேட்டால் நமக்கு நாமே தள்ளுபடி கொடுத்துக்கொள்வோம். அப்புறம், போனில் "ஏன் செய்யலை?" என்று ஆரம்பிக்காதீர்கள், சாக்குதான் வரும். "என்ன ஆச்சு?" என்று கேளுங்கள்.