ஜிம் ரீவ்ஸ் தட்டில் பூஞ்சணம்: வீட்டிலேயே கழுவுகிற முறை

புறக்கோட்டையில் பழைய சாமான் கடையொன்றில் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸின் எல்.பி. இசைத்தட்டு கிடைத்தது, 1500 ரூபாய். மனிதர் 1964இலேயே விமான விபத்தில் போய்விட்டார், ஆனால் நத்தார் வந்தால் கொழும்பில் இன்னும் வீட்டுக்கு வீடு பாடுகிறார். வாங்கி வந்து போட்டால் குரலுக்குப் பின்னால் அப்பளம் பொரிகிற சத்தம். இந்த மாதிரி மெதுவான பாட்டில் அது இன்னும் மோசம், ரொக் இசை என்றால் கிட்டாரே பாதியை மூடிவிடும்.

முதலில் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கீறலில் நகம் தட்டுப்பட்டால் கழுவிப் பலனில்லை. வெள்ளைப் புள்ளியும் (அதுதான் பூஞ்சணம்) தூசியும்தான் என்றால் போகும்.

குழாய்த் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் உப்பு படியும். பெற்றோல் செட்டில் கார் பற்றரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் போதும் (அசிட் போத்தலும் பக்கத்திலேயே இருக்கும், லேபிளைப் பார்த்து எடுங்கள்). அதில் மூன்று பங்கு, ஐசோபுரோபைல் அல்ககோல் ஒரு பங்கு, பாத்திரம் கழுவுகிற திரவம் இரண்டு துளி. பாமசியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தந்தால் வாங்காதீர்கள், சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும்.

நடு லேபிளின் மேல் பிளாஸ்டிக் மூடி ஒன்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லிய தூரிகையால் கோடுகள் போகும் திசையிலேயே வட்டமாகத் தேயுங்கள், குறுக்கே வேண்டவே வேண்டாம். கார்பன் பிரஷ் பற்றி எல்லோரும் புகழ்கிறார்கள், அது காய்ந்த தூசிக்குத்தான், பூஞ்சணத்துக்கு ஐம்பது ரூபாய்த் தூரிகையே மேல். பிறகு வெறும் பற்றரித் தண்ணீரால் இரண்டு தடவை அலசுங்கள், இல்லாவிட்டால் சோப் மிச்சம் முழுவதும் ஊசியில் திரளும்.

இனி நான் வழுக்கி விழுந்த இடம். துணியால் ஒற்றினேன், பத்து நிமிடத்தில் காய்ந்த மாதிரித்தான் இருந்தது, அதே பழைய உள்ளுறையில் போட்டு அலுமாரியில் வைத்தேன். மூன்றாம் வாரம் எடுத்தால் பூஞ்சணம் முன்னையைவிட அதிகம்! வெள்ளவத்தைக் கடற்காற்றில் கோட்டுக்குள் இருக்கிற ஈரம் அவ்வளவு சீக்கிரம் போகாது, போதாததற்குப் பழைய கடதாசி உறையிலேயே அதன் விதை இருந்திருக்கிறது. இப்போது கோப்பை வைக்கிற றாக்கையில் நிமிர்த்தி வைத்து ஒரு இரவு முழுக்க மின்விசிறிக் காற்றில் விடுகிறேன். வெயிலில் வைத்தால் தட்டு நெளிந்துவிடும், தலைமயிர் காயவைக்கிற மெஷினும் அப்படித்தான். உள்ளுறை கட்டாயம் புதிதாக இருக்கவேண்டும். படம் போட்ட வெளியட்டையை எறிய மனம் வராது, சரி, அதைத் துடைத்துத் தனியாக வையுங்கள்.

பின்சேர்க்கை: அப்பப்பாவின் 78 தட்டையும் (நிமிடத்துக்கு 78 தடவை சுற்றுகிற பழைய இசைத்தட்டு) இப்படிக் கழுவலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. கனமாக, விழுந்தால் கண்ணாடி போல உடைகிற அந்தத் தட்டுகள் பெரும்பாலும் அரக்கு, அல்ககோல் பட்டால் கரையும். தண்ணீரும் ஒரு துளி சோப்பும் மட்டும், ஊற வைக்காமல் உடனே துடைத்துவிடுங்கள். எல்.பி. ஊசியால் அதைப் போடவும் வேண்டாம், அதன் கோடு அகலம், ஊசி வேறு.