சட்டத்துக்குள் அடங்காத இன்ஜின்

போன ஆடி மாதம், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் வழக்கமாக வண்டி விடும் பட்டறைக்குக் களக்காட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் ஸ்பிளெண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஸ்பிளெண்டர் என்பது டேங்கில் ஒட்டிய பெயர்தான். உள்ளே மாற்றிப் போட்டிருந்தது, அதைவிடப் பெரிய பல்சர் 150 வண்டியின் இன்ஜின். "அண்ணாச்சி, நாலு மாசத்துல மூணு செயின் போயிட்டு. கடைக்காரவ டூப்ளிகேட்டத் தலையில கட்டுதாவளோ?" என்றான்.

செயின் மேல் ஒரு குற்றமும் இல்லை. பின் ஸ்பிராக்கெட்டின் (செயின் ஓடும் பல்சக்கரம்) பற்களில் உள்பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பட்டறைக்காரர்கள் கொத்தனார் நூலை அதன் முகத்தோடு ஒட்டிப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்த்தார்கள். முன் ஸ்பிராக்கெட் அரை விரல் வெளியே தள்ளி நின்றது. செயின் கோணலாக ஓடினால் தங்கச் செயின் போட்டாலும் தேயத்தான் செய்யும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். இன்ஜினைச் சேஸின் (வண்டியின் இரும்புச் சட்டம்) நடுவில் கண்பார்வைக்கு அழகாக உட்கார வைத்து, இன்ஜினைச் சேஸோடு பிடிக்கும் பவுண்டேஷன் போல்டுக்குப் பட்டை வெட்டி வெல்டிங் அடித்துவிடுகிறார்கள். செயினை அப்புறம்தான் மாட்டுகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். பின் சக்கரம் நேராக நிற்கட்டும், இரண்டு ஸ்பிராக்கெட்டும் ஒரே நூலில் வரட்டும், அதற்கு இன்ஜின் கொஞ்சம் இடமோ வலமோ போனால் போகட்டும். முதலில் தற்காலிகமாகப் பொட்டு வெல்டிங் மட்டும் வைத்து, சீட்டில் இரண்டு பேரை உட்கார வைத்துச் செயின் தொய்வைப் பாருங்கள். முன் ஸ்பிராக்கெட், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) போல்டிலிருந்து விலகிப் போயிருந்தால், ஆள் ஏறியதும் செயின் வீணைக் கம்பியாக இறுகும். பள்ளத்தில் இறங்கினால் அறுந்துவிடும், அல்லது கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்றுவிடும்.

வெல்டிங்கிலும் ஒரு பிசகு உண்டு. சேஸ் குழாயின் தகடு மெல்லியது. அதில் கனமான பட்டையை நேராக ஒட்டினால், இன்ஜின் அதிர்வில் ஒட்டின இடம் நிற்கும், அதை ஒட்டிய குழாய் கீறும். பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே அகலமான துணைத் தகடு வைத்துப் பாரத்தைப் பரப்ப வேண்டும். வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை வெல்டிங் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். பின் சக்கரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் குண்டுகளில் புள்ளி விழும். பேட்டரியையும், பிளக்குக்குத் தீப்பொறி கொடுக்கும் சி.டி.ஐ. பெட்டியையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள்.

காயலான் கடையில் இன்ஜினை மட்டும் தூக்கி வருவது இன்னொரு வழக்கம். பல்சர் டி.டி.எஸ்.ஐ. இன்ஜினுக்கு இரண்டு பிளக். அதன் சி.டி.ஐ., காயில்கள், வயரிங் எல்லாம் கூட வராவிட்டால் அது வெறும் இரும்புதான். 2020-க்குப் பிந்தைய பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாடு) எஃப்.ஐ. இன்ஜின், அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜின் என்றால், அதை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யூ., பெட்ரோல் பம்ப் என்று பாதி வண்டியையே பெயர்க்க வேண்டும். அந்த ஆசையே வேண்டாம். இன்ஜின் எந்த வண்டியில் இருந்தது, அதற்குக் காகிதம் உண்டா என்று கேட்காமல் வாங்காதீர்கள். திருட்டு வண்டி இன்ஜினாக இருந்தால் ஸ்டேஷனில் பதில் சொல்லப்போவது நீங்கள்.

இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் எனக்கு எரிச்சல் தருவது. ஸ்பிளெண்டரின் 97.2 சி.சி. இன்ஜினுக்கு ஏற்றபடி வைத்தது 130 மி.மீ. டிரம் பிரேக். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 90-இல் போவதை நிறுத்த, பிரேக் இரண்டேகால் மடங்கு சக்தியை விழுங்கியாக வேண்டும். பணகுடி தாண்டிக் காவல்கிணறு வரை நாலுவழிச் சாலையில் ஆடிக் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போது, மெல்லிய டயரும் தொளதொள போர்க்கும் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் குழாய்கள்) உள்ள வண்டியை 90-இல் ஓட்டியவனைக் கேட்டுப் பாருங்கள். காற்றாலைக்காரர்களுக்குத்தான் அந்தக் காற்று நல்லது. போர்க், டிஸ்க், சக்கரம், டயர் இத்தனையும் மாற்றப் பணம் இல்லையென்றால் இன்ஜினையும் மாற்றாதீர்கள். இத்தனையும் மாற்றப் பணம் இருந்தால், பழைய பல்சரையே வாங்கிவிடலாமே.

சின்ன விஷயங்களும் காலை வாரும். போர்க் முழுக்க அமுங்கும்போது முன் மட்கார்டு சைலன்சர் வளைவில் இடிக்கிறதா? இன்ஜின் தலையில் உள்ள டேப்பெட் மூடியைத் திறக்க டேங்குக்கு அடியில் கை போகிறதா? ஸ்பிளெண்டரில் நாலு கியரும் முன்னால் மிதித்தே போகும். பல்சரில் முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே. அந்தப் பையனின் அப்பா ஒருநாள் விஷயம் தெரியாமல் வண்டியை எடுத்து, மூன்றாவது போட நினைத்து முதல் கியரில் மிதித்து, சந்தைக்குப் போகிற வழியில் வாழைத்தோப்புக்குள் போய் நின்றாராம்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதே மாடல் இன்ஜினைப் போட்டால்கூட ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லிப் புது எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 97 சி.சி. ஆர்.சி.யில் 150 சி.சி. இன்ஜின் ஏறாது. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் அந்த எண்ணைத்தான். ஆகவே இப்படிச் செய்த வண்டி தோட்டத்துக்குள் ஓட்டிப் பார்க்கலாம், ரோட்டுக்கு ஆகாது.

கடைசியாக ஒன்று: பழைய இன்ஜினை உடனே எடைக்குப் போடாதீர்கள். அந்தப் பையன் ஒரு காரியம் உருப்படியாகச் செய்திருந்தான். ஸ்பிளெண்டரின் பழைய இன்ஜினைச் சாக்கில் கட்டி மாட்டுத் தொழுவில் போட்டு வைத்திருந்தான். தைப்பொங்கலுக்கு முன்னால், வண்டியை விற்க அப்பா ஆர்.சி. புக்கைக் கையில் எடுத்த அன்று, அது மறுபடி சேஸில் ஏறியது.